சிங்கப்பூர்ல ரோட் பைக் ஆரம்பிக்கிறீங்களா? முதல்ல அலாரத்த மாத்துங்க

ரோட் பைக்னா மெல்லிசு டயர் வச்ச வேகமான சைக்கிள். என்ன பைக் வாங்கலாம்னு தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க. போன மாசம் கூட ஆபீஸ்ல ஒரு தம்பி, "அண்ணே கார்பன் எடுக்கவா, அலுமினியம் எடுக்கவா"ன்னு லன்ச் டைம் பூரா கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், வெள்ளிக்கிழமை ராத்திரி எத்தன மணிக்குப் படுப்பீங்க? "ரெண்டு மணி ஆயிரும்ணே"ன்னாரு. அப்ப பைக்க விடுங்க, மொத அத பாப்போம்னேன். அவரு சிரிச்சாரு, நான் சிரிக்கல.

ஏன்னா இந்த ஊர்ல மலை கெடையாது. இருக்குறதுலயே உசந்த புக்கித் தீமாவே 163 மீட்டர் தான். இங்க புதுசா ஓட்ட வர்றவங்கள சாச்சுப் போடுறது ரெண்டு விஷயம், வெயிலும் லாரியும். ரெண்டுமே காலைல எட்டு மணிக்கு மேல தான் முழுசா முழிக்கும். அதனால ரோட் பைக் ஓட்டுறவங்களோட நாள் அஞ்சேகாலுக்கு ஆரம்பிச்சு எட்டரைக்கு முடிஞ்சிரும், அதுக்கப்புறம் வர்றதெல்லாம் புராட்டா தான்.

தூக்கத்த சரி பண்றது

இத நான் வெளையாட்டுக்குச் சொல்லல. பைக் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் சனி ஞாயிறு 4:50க்கு எழுந்து சும்மா நடந்து பாருங்க. புளோக்குக்குக் கீழ இறங்கி பார்க் கனெக்டர்ல (பார்க்குங்கள இணைக்கிற பாதை) அரை மணி நேரம் நடங்க, போதும். அது முடியலன்னா மூவாயிரம் வெள்ளி பைக் வீட்டுல துணி காயப்போட தான் உதவும். எனக்குத் தெரிஞ்சு அப்படி ரெண்டு பைக் இருக்கு, ஒண்ணு என் மச்சானோடது, அதுக்கு மேல இதுக்குள்ள போக வேணாம், குடும்பத்துல பிரச்சனை ஆயிரும்.

எழுந்திரிக்க முடியுதுன்னா சரி, அடுத்ததுக்கு வாங்க.

பைக் வாங்குறது

ஆயிரம் வெள்ளி பக்கத்துல நல்ல அலுமினியம் பைக் கெடைக்கும். டிகாத்லான்ல டிரைபான் இருக்கு, இந்தோனேசியா கம்பெனி போலிகான் இருக்கு, பழசு விக்கிற கெரோசல் ஆப்ல தேடுனீங்கன்னா ஆசையா வாங்கி ஆறு மாசத்துல விட்டவங்களோட பைக் எக்கச்சக்கமா இருக்கும். கியர் ஷிமானோ கிளாரிஸ், சோரா, டியாக்ரா எதுவா இருந்தாலும் முதல் வருஷத்துக்குத் தாராளம். அதே கம்பெனியோட விலை கூடுன 105 வேணும், அல்டெக்ரா வேணும்னு கடைல யாராச்சும் சொன்னா தலையாட்டிட்டு வந்துருங்க. இந்தத் தட்டையான ஊர்ல அந்தக் காச டயர்லயும் நல்ல பிப் ஷார்ட்ஸ்லயும் (தோள்பட்டியும் மெத்தையும் வச்ச சைக்கிள் டவுசர்) போடுறது தான் என் கணக்கு.

ஆனா சைஸ்ல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. தள்ளுபடில கெடைக்குதுன்னு ஒரு சைஸ் பெருசா வாங்கி, ஹேண்டில் எட்டாம முதுகு வலிச்சு, கடைசில சைக்கிளிங்கே ஒத்துக்காதுன்னு முடிவு பண்ணவங்க நிறைய. சீட் உயரத்துக்குப் பழைய சுலபமான வழி ஒண்ணு இருக்கு, செவத்தப் புடிச்சிக்கிட்டு சீட்ல உக்காந்து குதிகால பெடல் மேல வைங்க, பெடல் கீழ போறப்ப கால் நேரா நீளணும், மடங்கவும் கூடாது, இடுப்பு ஒரு பக்கம் சாயவும் கூடாது. அப்புறம் பாதத்தோட முன்பக்கத்த பெடல்ல வச்சு ஓட்டும்போது முட்டி லேசா மடங்கி இருக்கும், அது தான் சரி. இது ஆரம்பத்துக்குப் போதும், வலி எதுவும் தொடர்ந்து வந்துச்சுன்னா காசு குடுத்து ஃபிட்டிங் பண்ணிக்கலாம்.

பிப் ஷார்ட்ஸ் பத்தி வெக்கப்படாம ஒண்ணு சொல்லிடுறேன், அதுக்குள்ள உள்ளாடை போடக்கூடாது. தையல் உரசி, இந்த ஊர் வேர்வைல ஒரு மணி நேரத்துல தோல் கிழிஞ்சிரும். எனக்கு யாரும் சொல்லல, நாலு நாள் ஆபீஸ்ல நின்னுக்கிட்டே மீட்டிங் அட்டெண்ட் பண்ணேன்.

கிளீட் ஷூ (பெடல்ல மாட்டிக்கிற கொக்கி வச்ச ஷூ) முதல் ரெண்டு மாசம் வேணாம், சாதா பெடல் போதும். அப்புறம் மாத்துறப்ப புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல தூணப் புடிச்சிக்கிட்டு ஐம்பது தடவ மாட்டிக் கழட்டிப் பழகுங்க. எல்லாரும் ஒரு தடவையாச்சும் விழுவாங்க, நின்ன எடத்துல, கால கழட்ட மறந்து, மெதுவா, மரம் சாயுற மாதிரி. நான் விழுந்தது ஈசூன்ல சிக்னல் பக்கத்துல ஒரு பஸ் ஸ்டாப் முன்னாடி. பஸ்ஸுக்கு நின்ன ஒரு ஆன்ட்டி ஓடி வந்து தூக்கி விட்டுட்டு "பிரேக் புடிக்கலயா பாய்"னு கேட்டாங்க. பிரேக் நல்லா தான் புடிச்சிச்சு ஆன்ட்டி, அதான் பிரச்சனையே.

சட்டம், சம்மன் வாங்காம இருக்க

இது போரடிக்கும், ஆனா தெரிஞ்சே ஆகணும். ரோட்டுல ஓட்டுனா ஹெல்மெட் கட்டாயம், 2019 பிப்ரவரிலேருந்து. ராத்திரி ஏழுலேருந்து காலைல ஏழு வரைக்கும் முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி செவப்பு லைட். நாம கிளம்புறதே இருட்டுல தான், சூரியன் வர்றது ஏழு மணி வாக்குல, அதனால லைட் இல்லாம வாசல தாண்டாதீங்க. கைப் பிரேக் ஒண்ணாச்சும் வேலை செய்யணும், பிரேக் இல்லாத ஃபிக்ஸி (ஒத்த கியர் சைக்கிள்) எல்லாம் இப்ப செல்லாது.

2022 ஜனவரி 1லேருந்து குரூப் ரூல் வந்துச்சு. ஒத்த வரிசைல போனா அஞ்சு பைக், ரெண்டு ரெண்டா போனா மொத்தம் பத்துப் பேர், அதுக்கு மேல ஒரே குரூப்பா போகக்கூடாது. ரெண்டு ரெண்டா போறதும் நம்ம பக்கம் ரெண்டு லேனாச்சும் இருக்குற ரோட்டுல தான், பஸ் லேன் நேரத்துல அந்த லேன்ல கூடாது. அடுத்த குரூப்புக்கு ரெண்டு விளக்குக்கம்பம் அளவு, ஒரு முப்பது மீட்டர், எடைவெளி விடச் சொல்லி வழிகாட்டுறாங்க. குரூப் ரூல மீறுனா 150 வெள்ளி, முன்னாடி 75 தான் இருந்துச்சு.

விரைவுச்சாலைல சைக்கிள் போகவே கூடாது. பிஐஇ, இசிபி, எஸ்எல்இ, பிகேஇ எதுலயும். புதுசா வர்றவங்க குழம்புறது பேர்ல, நிக்கல் ஹைவேன்னு பேர்ல ஹைவே இருந்தாலும் அது சாதா ரோடு தான், போகலாம். ஆனா இடது பக்கமா விரைவுச்சாலைக்கு ஏறுற ஸ்லிப் ரோடு வருமே, மண்டாய் ரோட்ல பிகேஇக்கு ஏறுற மாதிரி, அங்க தான் உஷாரா இருக்கணும். நீங்க நேரா போகணும், உங்க பின்னாடி வர்ற கார் எல்லாம் இடது பக்கம் வேகமா வெட்டும். ஓரமாவே ஒட்டிப் போனீங்கன்னா உங்களையும் சேத்து உள்ள தள்ளிரும். முன்னாடியே திரும்பிப் பாத்து, கை காட்டி, லேன் நடுவுக்கு வந்து நேரா போங்க. தயங்கித் தயங்கிப் போறது தான் ஆபத்து, டிரைவருக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு தெரியணும், அவ்வளவு தான்.

பார்க் கனெக்டர், சைக்கிள் பாதைல 25 கிலோமீட்டர் வேகம், நடைபாதைல 10. ரோட் பைக்குக்கு 25ங்கிறது சும்மா வார்ம் அப் மாதிரி தோணும், ஆனா காலைல அங்க தாத்தா பாட்டி நடக்குறாங்க, குழந்தைங்க வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுது, வேகம் வேணும்னா ரோட்டுக்குப் போங்க.

முதல் ரெண்டு மாச ரூட்

முதல் நாலு வாரம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்லேருந்து சாங்கி வரைக்கும் போயிட்டு வாங்க. தானா மேரா கோஸ்ட் ரோட்ல சைக்கிளுக்குன்னு தனி லேன் இருக்கு, நேரா, தட்டையா, ஒரு பக்கம் ஏர்போர்ட். விமானம் தலைக்கு மேல எறங்குறப்ப நல்லா தான் இருக்கும், ரோட்டப் பாருங்க. இங்க எதிரி காத்து. போறப்ப 33ல பறந்துட்டு ஆஹா நமக்கு இவ்வளவு பலமான்னு நெனைப்பீங்க, திரும்பி வர்றப்ப 22 தாண்டாது. அதனால எப்பவும் எதிர்க்காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டு, தெம்பா இருக்குறப்பவே அத முடிச்சிருங்க, வீட்டுக்கு வர்றப்ப காத்து தள்ளிக்கிட்டு வரட்டும்.

கியர் விஷயம் இங்கயே பழகிக்கலாம். கனமான கியர்ல மிதிமிதின்னு மிதிக்காதீங்க, முட்டி போயிரும். நிமிஷத்துக்கு 80லேருந்து 90 சுத்து வர்ற மாதிரி லேசா வச்சு சுத்துங்க.

அடுத்தது வடக்கு. அப்பர் தாம்சன் ரோடு, மண்டாய், கிராஞ்சி, நியோ தியூ, லிம் சூ காங். ஏத்த எறக்கம் மண்டாய்ல தான் வரும், பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா அஞ்சாவது தடவ ஏறுறப்ப பெருசா தான் தெரியும். ஓல்ட் அப்பர் தாம்சன் ரோட்டுக்குள்ள போனீங்கன்னா மரநிழல், குரங்கு, வளைவு வளைவா போகும். 1961லேருந்து 1973 வரைக்கும் கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடந்ததே அங்க தான். குரங்குக்குச் சாப்பாடு போடாதீங்க, பாக்கெட்ல வாழைப்பழம் வெளிய தெரியிற மாதிரியும் வைக்காதீங்க.

லிம் சூ காங் ரோடு ஒரு எடத்துல கோடு போட்ட மாதிரி நேரா அகலமா இருந்துச்சு, அது ஏன்னா விமானப்படை பயிற்சிக்கு அத ஓடுபாதையா மாத்துனாங்க, ரோட்ட மூடி விளக்குக்கம்பத்த எல்லாம் கழட்டிட்டு போர் விமானத்த எறக்குனாங்க. மத்த நாள்ல அது நம்ம ஓடுபாதையா இருந்துச்சு. வார நாள்ல அந்தப் பக்கம் போகவே வேணாம், சிமெண்ட் லாரி, டிப்பர் லாரி தான், ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் போங்க. லாரிக்கு இடது பக்கம் பூந்து முன்னாடி போறது எந்த நாள்லயும் வேணாம், டிரைவர் கண்ணுக்கு நீங்க தெரியவே மாட்டீங்க.

தீவ சுத்தி வர்றது 120, 130 கிலோமீட்டர் வரும். அதெல்லாம் ஆறு மாசம் கழிச்சு.

பஞ்சர்

இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா எம்ஆர்டில மடக்குற சைக்கிள் மட்டும் தான் ஏத்த விடுவாங்க, ரோட் பைக்க ஏத்த முடியாது. லிம் சூ காங்ல நின்னுட்டீங்கன்னா நின்னது தான்.

எப்பவும் கூட இருக்க வேண்டியது: டியூப் ரெண்டு, டயர நெம்பி எடுக்குற டயர் லீவர் ரெண்டு, சின்ன பம்ப், ஒட்டுற பேட்ச். ரெண்டு டியூப்னு அழுத்திச் சொல்றேன்.

பின் சக்கரம்னா முதல்ல செயின பின்னாடி இருக்குற சின்னப் பல்சக்கரத்துக்கு மாத்திட்டு சக்கரத்தக் கழட்டுங்க. மிச்சக் காத்த எறக்கிருங்க. வால்வுக்கு எதிர்ப்பக்கத்துலேருந்து லீவர் போட்டு ஒரு பக்க டயர மட்டும் வெளிய எடுங்க, டியூப உருவுங்க. இப்ப தான் எல்லாரும் விடுற தப்பு, நானும் விட்டேன், நேரா புது டியூப போட்டுருவோம். போடாதீங்க. பழைய டியூப்ல கொஞ்சம் காத்தடிச்சு ஓட்டை எங்கன்னு பாருங்க, அத டயரோட சேத்து வச்சு அந்த எடத்துல டயருக்கு உள்பக்கமா விரல மெதுவா ஓட்டுங்க. லாரி டயர் வெடிச்சு செதறுன கம்பி, தலைமுடி மாதிரி மெல்லிசா, வெளிலேருந்து கண்ணுக்கே தெரியாது, விரல்ல சுருக்குன்னு குத்துறப்ப தான் தெரியும். அத நகத்தாலயோ சாவியாலயோ புடுங்கி எடுத்துட்டு அப்புறம் புது டியூப்.

புது டியூப்ல ரெண்டு அடி காத்து அடிச்சு உருண்டையாக்கிட்டு உள்ள வைங்க, அப்ப தான் முறுக்காது. டயர வால்வு பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு கட்டை விரலால உள்ள தள்ளிக்கிட்டே போங்க, கடைசி ஒரு சாண் தான் மல்லுக்கட்டும், அந்த நேரத்துல கோவத்துல லீவர் போட்டு நெம்புனா டியூப கிழிச்சிருவீங்க. வால்வ ஒரு தடவ உள்ள தள்ளி இழுத்து, சுத்தி டியூப் எங்கயாச்சும் டயருக்கு அடில கடிபட்டிருக்கான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு காத்தடிங்க.

நான் அந்தக் கம்பியத் தேடாம டியூப மாத்துன அன்னைக்கு பத்து நிமிஷத்துல மறுபடி புஸ்ஸுன்னு போச்சு. கைல இன்னொரு டியூப் இல்ல. கிளீட் ஷூவோட டக்கு டக்குன்னு ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு வந்தேன், பண்ணைப் பக்கம் ஒரு லாரி நின்னுச்சு, டிரைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி, முன்னாடி ஏத்திக்கிட்டு பைக்க பின்னாடி கீரைக்கூடைங்க நடுவுல வச்சாரு. கிராஞ்சி எம்ஆர்டி வரைக்கும் ஒண்ணும் பேசல. எறங்குறப்ப, "அண்ணே, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு எழுந்து இதுக்காண்ணே வந்தீங்க"ன்னாரு. அவருக்கு அன்னைக்கும் வேலை. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு கார் வர வச்சு வீட்டுக்கு வந்தேன். ரோட்டுல லாரிய திட்டுறத அன்னைக்கோட கொறச்சுக்கிட்டேன்.

வாரம் ஒரு தடவ ராத்திரி லைட் வெளிச்சத்துல டயரச் சுத்தி பாருங்க, சின்னச் சின்ன கண்ணாடித் துண்டு சிக்கியிருந்தா எடுத்துருங்க, பாதிப் பஞ்சர் அதுலயே நின்னுரும். 28 சி டயர் (28 மில்லிமீட்டர் அகலம்), ஆள் 70 கிலோன்னா 70லேருந்து 80 பிஎஸ்ஐ போதும், 110 ஏத்திக் கல்லு மாதிரி ஓட்டுனா தான் வேகம்ங்கிறது பழைய கதை.

தண்ணி, சாப்பாடு, மழை

விடிகாலைல சில்லுன்னு இருக்கேன்னு தண்ணி கொறச்சுக் குடிக்காதீங்க. இங்க காலைல காத்துல ஈரம் 90 சதவீதத்துக்கு மேல இருக்கும், வேர்வை காயாது, காஞ்சா தான ஒடம்பு குளிரும். அதனால வெயிலே இல்லாம ஒடம்பு சூடேறும். மணிக்கு ஒரு பெரிய பாட்டில், ரெண்டாவது பாட்டில்ல உப்பு சேந்தது ஏதாச்சும், 100 பிளஸ் கூட போதும். தலை சுத்துது, வேர்வை நின்னுருச்சு, புல்லரிக்குதுன்னா அன்னைக்கு வீராப்பு வேணாம், நிழல்ல உக்காருங்க, சரியாகலன்னா ஆம்புலன்ஸுக்கு 995.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓட்டுனா நடுவுல சாப்பிடணும். பசிச்சதுக்கு அப்புறம் சாப்பிட்டா லேட். ஜெல் எல்லாம் வாங்கலாம், எனக்கு வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் தான், எங்கம்மா ஒரு தடவ எள்ளுருண்டை குடுத்து விட்டாங்க, வெயில்ல பாக்கெட்டோட ஒட்டிக்கிச்சு, ஆனா அன்னைக்கு ஓட்டுன மாதிரி நான் என்னைக்கும் ஓட்டல.

மழைக்கு ரேடார் பாத்துட்டுக் கிளம்புங்க, மைஎன்வி ஆப்ல இருக்கு. ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா பக்கத்துலேருந்து விடிகாலைல திடீர்னு ஒரு கறுப்பு வரிசையா வரும், காத்தோட, இடியோட, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல போயிரும். ரேடார்ல மேற்குலேருந்து நீளமா செவப்புக் கோடு தெரிஞ்சா திரும்பப் படுத்துருங்க. நடுவழில மாட்டிக்கிட்டா மரத்தடில நிக்காதீங்க, பஸ் ஸ்டாப்போ வாய்ட் டெக்கோ பாருங்க. ஈர ரோட்டுல வெள்ளைக் கோடு, இரும்பு மூடி மேல பிரேக்கும் புடிக்கக்கூடாது, திருப்பவும் கூடாது.

குரூப்போட போறது

தனியா ஒரு 40 கிலோமீட்டர் நேர்கோட்டுல ஆடாம ஓட்ட வந்ததுக்கு அப்புறம் தான் குரூப். முதல் தடவ போறப்ப "நான் புதுசு"ன்னு வாய் விட்டுச் சொல்லிருங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க, சொல்லாம பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்றவங்கள தான் நெனைப்பாங்க. முன்னாடி இருக்குற சக்கரத்தப் பாக்காதீங்க, அந்த ஆளோட தோளுக்கு மேல பாருங்க. உங்க முன் சக்கரம் அவரு பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டுல போயிறக்கூடாது, அவரு லேசா நகந்தாலும் விழுறது நீங்க தான். முன்னாடி இருக்குறவரு குழியக் கை காட்டுனா நீங்களும் பின்னாடி இருக்குறவங்களுக்குக் காட்டணும். "ஹோல்" (குழி), "ஸ்லோவிங்" (வேகத்த கொறைக்கிறேன்), "கார் பேக்" (பின்னாடி கார் வருது), "கிளியர்" (வழி காலி), இந்த நாலு சத்தம் போதும். கிளியர்னு யாரு சொன்னாலும் ஜங்ஷன்ல நீங்களும் ஒரு தடவ திரும்பிப் பாருங்க, அது அவருக்குக் கிளியர், உங்களுக்கு இல்ல.

விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா கோவப்படாதீங்க, அப்பர் தாம்சன் புராட்டாக் கடைல இருப்பாங்க. ரெண்டு கோசோங் (சாதா புராட்டா), ஒரு முட்ட, தே தாரிக். எரிச்ச கலோரி எல்லாம் அங்கயே திரும்ப வந்துரும், ஓட்டுன கணக்கு வைக்கிற ஸ்ட்ராவா ஆப்ல அது ஏறாது.

வீட்டுக்கு வந்ததும்

குளிக்கிறதுக்கு முன்னாடி பைக். ஈரத்துணியால ஹேண்டில், ஃபிரேம், ஸ்டெம் ஸ்க்ரூ எல்லாம் தொடைங்க, நம்ம வேர்வை உப்பு ஹேண்டில் டேப்புக்குள்ள எறங்கி உள்ள அலுமினியத்த அரிச்சிரும். வருஷத்துக்கு ஒரு தடவ டேப்ப உரிச்சு உள்ள வெள்ளையாப் பூத்திருக்கான்னு பாருங்க. செயினத் துணியால புடிச்சுப் பின்னாடி சுத்தித் தொடச்சு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், அஞ்சு நிமிஷம் கழிச்சு மேல இருக்குற எண்ணெயத் திரும்பத் தொடச்சிருங்க, இல்லன்னா மண்ணு ஒட்டும். தேங்காய் எண்ணெய் ஊத்தலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. வேணாம்.

பைக்க காரிடார்ல வைக்கிறதா இருந்தா ஆள் போக 1.2 மீட்டர் வழி விட்டு செவத்தோட ஒட்டி நிறுத்துங்க, இல்லன்னா டவுன் கவுன்சில் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிரும். நான் ஹால்ல சாமி அலமாரிக்குப் பக்கத்துல நிறுத்துறேன். முதல்ல வீட்டுல சத்தம் போட்டாங்க, இப்ப ஆயுத பூஜைக்கு அதுக்கும் சேத்து சந்தனம் வச்சுப் பொட்டு வைக்கிறாங்க. செயின்ல மட்டும் பூ சுத்த விடாதீங்க.